களனி கங்கையின் பழைய படகு வழியைத் தேடிச் செல்வது எப்படி?

கொழும்பில் வாழும் நம்மில் பெரும்பாலானோருக்குக் களனி கங்கை நினைவுக்கு வருவது குழாயில் நீர் வராத நாளிலும், வெள்ள எச்சரிக்கை வானொலியில் வரும் நாளிலும்தான். ஆனால் இந்த நகரம் இவ்விடத்தில் வளர்ந்ததில் அந்த ஆற்றுக்குப் பெரும் பங்குண்டு. அது குடிநீர் தந்ததனால் மட்டுமன்று, வழியாக இருந்ததனாலும். வீதிகளும் புகையிரதமும் வருவதற்கு முன்னர் மலைநாட்டுக்குச் சென்ற உப்பும் அங்கிருந்து இறங்கிய பாக்கும் மிளகும் இதன் நீரில்தான் போய்வந்தன. தீவின் உட்பகுதியை அறிய முயன்ற அந்நியரும் இதன் கரையைப் பற்றிக்கொண்டே மேலே ஏறினர். உப்பை விற்று நெல்லோடு திரும்பும் ஆற்றுப் படகுகளைச் சங்கப் பாடல்களிலே படித்து மகிழும் நாம், அதே வகையான வழி ஒன்று நமது வீட்டுக்குப் பின்னால் ஓடுவதைக் கவனியாதிருப்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

அந்த வழியை வரைபடத்திலும் நேரிலும் தேடிப் பார்ப்பதற்கான முறையை இங்கே எழுதுகிறேன். வரலாற்றுச் செயற்றிட்டம் செய்யவேண்டிய மாணவர்களையும், அவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களையும் பெற்றோரையும் மனத்திற்கொண்டே எழுதுகிறேன். ஆயினும் ஓய்வு நாளில் தனியே புறப்படுபவருக்கும் இது பொருந்தும். வரைபட வேலைக்கு ஒரு மாலைப்பொழுதும், கொழும்புக்குள் நடப்பதற்கு ஒரு நாளும், ஆற்றின் மேற்பகுதிக்கு இன்னொரு நாளும் ஒதுக்குங்கள்.

காலமும் வரைபடமும்

முதலில் மாதத்தைத் தெரிவு செய்யுங்கள். களனியின் நீர்ப்பரப்பு தென்மேற்குப் பருவமழையை நேராக ஏந்தும் மலைச்சரிவுகளில் இருப்பதால் மே தொடக்கம் செப்டெம்பர் வரை ஆறு பெருகியிருக்கும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடைப்பருவ மழையும் அதனை விட்டுவைப்பதில்லை. சனவரி முதல் மார்ச் வரையிலான காலமே உகந்தது. நான் முதன்முறை மாணவர் சிலரை அழைத்துச் சென்றது ஒரு நவம்பரில். கரையிலிருந்த கற்படிகளைக் காட்டப் போனேன். படிகள் எல்லாம் நீருக்கடியில் கிடந்தன. கலங்கிய நீரில் மூங்கில் தூர்களும் வாழைமரங்களும் மிதந்து போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அதற்குப் பின் புறப்படும் முதல் நாள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஆற்று நீர்மட்ட அறிவிப்பைப் பாராமல் நான் வீட்டை விட்டு இறங்குவதில்லை.

வரைபடத்துக்கு நாரஹேன்பிட்ட, கிருள வீதியிலுள்ள நில அளவைத் திணைக்களத்துக்குச் செல்லுங்கள். 1800ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்தத் திணைக்களம் வெளியிடும் 1:50,000 அளவுத்திட்ட வரைபடங்களில் கொழும்பு முதல் அவிசாவளை வரையான தாள்கள் உங்களுக்கு வேண்டும். வீட்டுக்கு வந்ததும் வரைபடத்தின் மேல் மெல்லிய ஊடுகாட்டும் தாளை விரித்து, வீதி, புகையிரதப் பாதை, நகர எல்லை ஆகிய எதனையும் தொடாமல் நீரோடும் கோடுகளை மட்டும் நீலப் பென்சிலால் வரையுங்கள். ஆறு, ஓயா, கால்வாய், வாவி, சதுப்பு என்ற இவை மட்டுமே தாளில் இருக்கவேண்டும். பின்னர் அந்தத் தாளைத் தனியே எடுத்துச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். கொழும்பு என்று நாம் நினைக்கும் உருவம் மறைந்து, முகத்துவாரத்தில் கடலோடு கலக்கும் ஒரு பெருங்கோடும் அதனோடு கால்வாய்களால் பிணைந்த பேர வாவியும், கிழக்கே தியவன்னா ஓயா சூழ்ந்த, பழைய அரசின் தலைநகரான கோட்டே நிலமுமாக ஒரு நீர்நாடு தெரியும். அக்காலத்தவர் நடமாடிய கொழும்பு அதுதான்.

அடுத்ததாக ஊர்ப்பெயர்களைப் படியுங்கள். ஊர்ப்பெயரைப்போல நெடுங்காலம் அழியாமல் நிற்கும் ஆவணம் வேறில்லை என்பது என் துணிபு. சிங்களத்தில் ‘தொட்ட’ என்பது நமது ‘துறை’; ஆற்றைக் கடக்கும் இடமும் படகு கட்டும் இடமும் அதுவே. ‘எல’ என்றால் வாய்க்கால். ‘மோதர’ என்றால் ஆற்றுவாய். கொழும்பு 15இன் சிங்களப் பெயரான மோதரையும் நாம் வழங்கும் முகத்துவாரமும் ஒரே பொருளைத்தான் சொல்கின்றன. களுத்துறை, பாணந்துறை ஆகிய பெயர்களிலும் ஆற்றுவாய்த் துறைகள் ஒளிந்திருப்பதைக் காண்பீர்கள். கொழும்பு என்ற பெயருக்கே ‘களனியின் துறை’ என்று பொருள்படும் ‘கொலொன் தொட்ட’ மூலமாகலாம் எனப் பலர் கருதுகின்றனர்; வேறு விளக்கங்களும் உண்டு. எவ்வாறாயினும் 1344இல் இத்தீவுக்கு வந்த பயணி இபன் பதூதா இந்த ஊரைக் ‘கலன்பு’ என்று குறித்திருக்கிறார். உங்கள் நீலத்தாளில் துறைப்பெயர் வரும் இடங்களிலெல்லாம் சிவப்புப் புள்ளி வையுங்கள். நேரில் செல்லவேண்டிய இடங்களின் பட்டியல் அதிலிருந்தே கிடைத்துவிடும்.

முகத்துவாரத்திலிருந்து தொடங்குங்கள்

பயணத்தை ஆறு முடியும் இடத்திலிருந்து தொடங்குவதே சரி. ஏனெனில் வெளியிலிருந்து வந்தோர் ஆற்றைச் சந்தித்த முறை அதுதான். மட்டக்குளிப் பக்கம் கடற்கரையில் நின்று ஆற்றுவாயைப் பாருங்கள். ஆறு கொண்டுவரும் மணலும் கடல் தள்ளும் மணலும் அங்கே சந்தித்துத் திட்டாகப் படிவதால், ஆழம் வேண்டும் கப்பல் எதுவும் அந்த வாயில் நுழைய இயலாது. ஆகவேதான் கோட்டையும் துறைமுகமும் ஆற்றுவாயிலே அமையாமல், தென்மேற்குக் காற்றிலிருந்து ஓரளவு மறைப்புத் தந்த பாறை முனைக்கு அருகே, ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தெற்கே அமைந்தன. கப்பல் ஓரிடம், ஆற்றுப்படகு ஓரிடம், இரண்டுக்கும் நடுவே சரக்கை மாற்றும் சந்தை ஓரிடம் என்ற இந்த மூன்றும்தான் பழைய கொழும்பு. 1875இல் அலைதாங்கி கட்டத் தொடங்கும்வரை இங்குள்ள துறைமுகம் பருவக்காற்றுக்குத் திறந்தே கிடந்தது.

போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்திறங்கியபோது நடந்ததாகச் சொல்லப்படும் கதையை இவ்விடத்தில் மாணவருக்குச் சொல்லுங்கள். கோட்டே மன்னனைக் காணச் சென்ற அவர்களுடைய தூதரை வழிகாட்டிகள் நேர்வழியில் கூட்டிச் செல்லாமல், மேடும் நீருமாகச் சுற்றிச் சுற்றி மூன்று நாள் நடத்திச் சென்றனராம். கோட்டையிலிருந்து கோட்டேக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றர்தான். ‘பரங்கி கோட்டே போனது போல’ என்ற சிங்களப் பழமொழி இன்றும் வழக்கில் இருக்கிறது. நீர்வழியை அறிந்தவன் கையில்தான் நாடு இருந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

பாலத்துறையில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்

முகத்துவாரத்திலிருந்து கரையோரமாக மேலே வந்தால் கிராண்ட்பாஸ். இந்த ஒரே இடத்துக்கு மூன்று மொழிகள் இட்ட பெயர்களைக் கவனியுங்கள். போர்த்துக்கேயர் ‘பெரிய கடவை’ என்ற பொருளில் இட்ட பெயரே கிராண்ட்பாஸ் ஆயிற்று. சிங்களத்தில் இது ‘தொட்டலங்க’, அதாவது துறைக்கு அருகே. தமிழில் பாலத்துறை என்கிறோம். நமது பெயரில் பாலமும் துறையும் சேர்ந்தே நிற்கின்றன. மூன்று மொழியாரும் ஒரே செயலை வைத்துத்தான் இவ்விடத்தை அடையாளம் கண்டனர்: இங்கே ஆறு கடக்கப்பட்டது.

தொடக்கத்தில் இங்கே ஓடியது பாதைதான். பாதை என்று நான் சொல்வது, இன்றும் கிழக்கிலங்கையில் களப்பைக் கடக்கப் பயன்படுவதுபோன்ற, மனிதரையும் வண்டியையும் ஏற்றும் தட்டையான மிதவையை. 1822இல் பிரித்தானியர் அதனிடத்தில் ஒரு படகுப் பாலம் அமைத்தனர். ஆற்றின் குறுக்கே படகுகளை வரிசையாக நங்கூரமிட்டு நிறுத்தி, அவற்றின் மேல் பலகை பரப்பிய பாலம் அது. நீர் ஏறினால் பாலமும் ஏறும், வடிந்தால் இறங்கும். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது: குறுக்கே வண்டி போகவேண்டும், நெடுக்கே படகும் போகவேண்டும். ஆகவே பாலத்தின் ஒரு பகுதியைக் குறித்த வேளைகளில் விலக்கிப் படகுகளுக்கு வழிவிட்டனர். கண்டி வீதியில் கோப்பி மூட்டை ஏற்றி வந்த மாட்டுவண்டிகள் ஒருபுறம் காத்து நிற்க, மேலிருந்து வந்த படகுகள் இடைவெளியில் நுழைந்து சென்றிருக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். வீதியும் ஆறும் ஒன்றுக்கொன்று வழிவிட்ட காலம் அது. 1895இல் விக்டோரியா பாலம் எழுந்த பின்னர் வீதி காத்திருக்க வேண்டியதில்லாமற் போயிற்று. 2021 நவம்பரில் திறந்த புதிய களனிப் பாலத்தின் மேல் போகும் வாகனத்திலிருந்து பார்த்தால் கீழே ஆறு இருப்பதே சில கணங்களுக்குத்தான் தெரியும்.

அருகிலேயே நாகலகம் வீதி இருக்கிறது. வெள்ளச் செய்திகளில் நாம் கேட்கும் அந்த நீர்மட்ட அளவுகோல் உள்ள இடம் இதுதான். அளவு காட்டும் கோடுகளை நீங்களே படித்து, நாளையும் நேரத்தையும் சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரு பழைய துறைக்கு அருகே இன்றைய அளவுகோல் நிற்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. ஆறு ஏறுகிறதா இறங்குகிறதா என்பது துறையில் நின்றவனுக்கும் முதல் கேள்வியாகத்தானே இருந்திருக்கும்.

ஆற்றின் வேகத்தையும் இங்கேயே அளக்கலாம். கரையோரமாக 50 மீற்றர் தூரத்தைக் கயிற்றால் அளந்து இரு முனைகளிலும் ஆள் நிறுத்துங்கள். மேல்முனையில் உள்ளவர் காய்ந்த தேங்காய் மட்டை ஒன்றை இயன்றவரை நடுவாற்றை நோக்கி எறிய, அது கீழ்முனையைக் கடக்கும் வரை கடிகாரத்தைப் பாருங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். மட்டைக்கு 60 வினாடி பிடித்தால் நீரோட்டம் மணிக்கு 3 கிலோமீற்றர். அசையாத நீரில் மணிக்கு 4 கிலோமீற்றர் செல்லக்கூடிய படகு, இந்த ஓட்டத்தோடு இறங்கினால் 7 கிலோமீற்றரும், எதிர்த்து ஏறினால் 1 கிலோமீற்றருமே செல்லும். இதே கணக்கில் 30 கிலோமீற்றர் மேலேயிருக்கும் ஓர் ஊருக்கு உப்பை ஏற்றிச் செல்ல 30 மணிநேரம் வேண்டும். அங்கிருந்து பாக்கைக் கொண்டுவரச் சற்றேறக்குறைய 4 மணிநேரம் போதும். படகோட்டிகள் நீண்ட மரக்கோலை ஆற்றின் அடியில் ஊன்றித் தள்ளி, தேவையான இடத்தில் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்து ஏறிய அந்த மணிநேரங்களை எந்தப் பாடநூலும் மாணவருக்கு உணர்த்தப் போவதில்லை. ஒரு தேங்காய் மட்டை உணர்த்திவிடும்.

ஒருவரும் நீரில் இறங்கக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மணல் அகழ்ந்த இடங்களில் கரை செங்குத்தாக இடிந்திருக்கும். கீழ்க்களனியில் முதலைகளும் உண்டு. கால்வாய் நீரில் எலிக்காய்ச்சல் அச்சமும் இருக்கிறது.

கால்வாய்களை எப்படிப் பார்ப்பது

கடல் கொந்தளிக்கும் மாதங்களிலும் சரக்கு நகரவேண்டும் என்பதனால் ஆற்றோடு கால்வாய்களை இணைத்தனர். கோட்டே மன்னர் காலத்திலேயே பாக்கையும் வாசனைப் பொருள்களையும் நீர்கொழும்புக்குக் கொண்டுசெல்லக் கால்வாய் வெட்டப்பட்டதென்பது மரபுச் செய்தி. ஒல்லாந்தர் அவ்வழியைப் பெரிதாக வளர்த்தனர். வத்தளைப் பக்கம் களனியிலிருந்து வடக்கே செல்லும் ஹமில்டன் கால்வாயைப் பிரித்தானியர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்தனர். நீளம் ஏறத்தாழ 14.5 கிலோமீற்றர். அதன் கரையில் அரைமணி நேரம் நடந்தால் போதும். ஆறு வளைந்து வளைந்து செல்ல, கால்வாய் நூல் பிடித்தாற்போல் செல்வதைக் காணும்போதே எது இயற்கை, எது மனிதர் வெட்டியது என்பது பிள்ளைகளுக்கு விளங்கிவிடும். இந்த நீர்வழியில் புத்தளம் வரை ஓடிய ஓலைக்கூரைப் படகுகளைச் சிங்களத்தில் ‘பாரு’ என்பர். அடி தட்டையாக இருந்ததால் முழங்காலளவு நீரிலும் அவை மிதந்தன.

நகருக்குள் பார்க்கவேண்டியது சென் செபஸ்தியன் கால்வாய். பேர வாவியைக் களனியோடு இணைக்கும் இந்தக் கால்வாயில் உள்ள மடைக்கதவுகளைத் தேடிச் செல்லுங்கள். உள்ளே செல்ல அனுமதி வேண்டியிருந்தால் கேட்டுப் பெறுங்கள், கிடைக்காவிடில் பாலத்தின் மேல் நின்று பாருங்கள். வாவியின் நீர்மட்டமும் ஆற்றின் நீர்மட்டமும் ஒன்றல்ல. இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, பின்கதவை மூடி, முன்கதவின் சிறு மடையைத் திறந்தால் நீர் மெதுவாக ஏறியோ இறங்கியோ அடுத்த மட்டத்துக்குச் சமமாகும். அப்போது முன்கதவைத் திறந்து படகு வெளியேறும். மாணவர்களுக்கு இதனை நான் ஒரு சோப்புப் பெட்டியிலும் இரண்டு அட்டைத் துண்டுகளிலும் செய்து காட்டுவதுண்டு.

மேலே செல்லும் நாள்

இரண்டாம் நாள் விடியற்காலையில் புறக்கோட்டையிலிருந்து கடுவெல வழியாக ஹங்வெல்ல செல்லும் பழைய வீதிப் பஸ்ஸில் ஏறுங்கள். களனிவெளிப் புகையிரதம் நுகேகொடை, ஹோமாகம வழியாகச் செல்வதால் ஆற்றைக் காட்டாது. பஸ்ஸில் வடக்குப் பக்க யன்னலோரம் அமர்ந்தால் இடையிடையே ஆறு தெரியும். அம்பத்தளேயில் கொழும்புக்குக் குடிநீர் எடுக்குமிடத்தையும், வறட்சியில் அதுவரை ஏறிவரும் கடலுப்பைத் தடுக்க ஆற்றில் அமைத்த தடுப்பையும் பற்றிச் சொல்லிக்கொண்டே செல்லலாம். ஆற்றின் கீழ்ப்பகுதி எவ்வளவு தாழ்வானது, ஏன் படகுகளுக்கு அவ்வளவு இசைவானது என்பதற்கு அந்த உப்பே சாட்சி. ஆற்றுக்கு அப்பால், வடகரையில் இருப்பது மல்வானை. போர்த்துக்கேயத் தளபதிகள் கோட்டைக்குள் அடைந்திராமல் அங்கே ஆற்றோரத்தில் இருந்து ஆண்டதற்குக் காரணம் படகு வசதிதான் என்று நினைக்கிறேன்.

ஹங்வெல்லவில் இறங்கி வாடிவீட்டுப் பக்கம் செல்லுங்கள். போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் கோட்டை வைத்திருந்த கரை அது. 1803இல் கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் படை இறங்கிவந்து தாக்கித் தோற்றதும் இங்கேதான். ஆற்றின் வளைவு முழுவதும் கண்ணுக்குத் தெரியும் மேட்டில் ஏன் கோட்டை கட்டினர் என்ற கேள்வியை மாணவரிடம் விட்டுவிட்டு நீங்கள் தேநீர் அருந்துங்கள். அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அவிசாவளை சீதாவாக்கை இராச்சியத்தின் தலைநகரம் இருந்த நிலம். 1521க்குப் பின் மாயாதுன்னை அமைத்த அந்த அரசு, சீதாவாக்கை ஆறு களனியோடு சேரும் பகுதியிலிருந்து கொழும்பை நோக்கி இறங்கி, அரை நூற்றாண்டுக்கு மேலாகப் போர்த்துக்கேயரை நிம்மதியாக இருக்கவிடவில்லை. ஆற்றின் மேற்பகுதி யாரிடம் இருக்கிறதோ அவர் கீழேயுள்ளவரின் உணவையும் வணிகத்தையும் பிடித்துவைத்திருக்கிறார் என்பதை இந்த இடம் காட்டும். அதற்கப்பால் ருவன்வெல்ல, எட்டியாந்தோட்டை. பிந்தியதன் பெயரிலே தோட்டை இருப்பதைக் கவனியுங்கள். நமது பேச்சில் தேயிலைத் தோட்டமென்று மயங்கத் தோன்றினாலும் சிங்களப் பெயர் சொல்வது துறையைத்தான்.

இயலுமானால் கித்துல்கல வரை செல்லுங்கள். பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் நீரில் இரப்பர்ப் படகு விளையாட்டுக்காக இன்று இளைஞர் கூடும் இடம் அது. அந்தப் பாறைகளைப் பார்த்தவுடன் சரக்குப் படகுகள் ஏன் கீழேயே நின்றுவிட்டன என்பதை விளக்கவேண்டிய தேவையே இராது. படகு நின்ற இடத்திலிருந்து சுமை மனிதர் தலைக்கும் மாட்டு முதுகுக்கும் மாறியது. கொழும்பை ஆண்ட போர்த்துக்கேயர் கண்டியை வெல்ல முயன்று 1594இல் தந்துரையிலும் 1638இல் கன்னொறுவையிலும் அழிந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. படகு ஏறாத மலையில் உணவையும் வெடிமருந்தையும் தோளில் சுமந்து சென்றதும் அவற்றுள் ஒன்று. கண்டி மன்னர்கள் காட்டுவழிகளை அகலப்படுத்தாமல் முள்வேலிக் கடவைகள் வைத்துக் காத்தனர்; கடவத்தை என்ற ஊர்ப்பெயர் அத்தகைய காவற்கடவையின் நினைவு.

மலையிலிருந்து வெளியேறுபவனுக்கு ஆறு எப்படி உதவியது என்பதற்கு றொபேட் நொக்ஸைச் சொல்லலாம். 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட அந்த ஆங்கிலேயர், ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி அரசில் கைதியாக இருந்து, 1679இல் ஒரு தோழரோடு அநுராதபுரம் வரை வந்து, அங்கிருந்து மல்வத்து ஓயாவின் போக்கையே பிடித்துக்கொண்டு காட்டினூடாக நடந்து, மேற்குக் கரையில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். மன்னார்த் தமிழர் அந்த ஆற்றை அருவி ஆறு என்பர். வரைபடம் இல்லாதவனுக்கும் ஆறு கடலைக் காட்டிவிடும் என்ற அறிவு ஒன்றே அவருக்குப் போதுமாயிருந்தது.

குறித்து வைத்தல்

செல்லும் ஊர்தோறும் வயது முதிர்ந்த ஒருவரிடமாவது பேசுங்கள். ‘இந்த ஆற்றின் வரலாறு என்ன?’ என்று கேட்டால் எவரும் தயங்குவர். ‘பாலம் வருமுன் எங்கே கடந்தீர்கள், ஆளுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், வெள்ளத்தில் என்ன செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். பேச்சு தானே வரும். அவர் சொல்லும் சொற்களை உங்கள் சொற்களாக மாற்றாமல், சிங்களமாயினும் தமிழாயினும் கேட்டபடியே எழுதுங்கள்.

வீடு திரும்பியதும் நீண்ட தாள் ஒன்றில் ஆற்றை நேர்க்கோடாக வரைந்து, முகத்துவாரத்தை ஒரு முனையிலும் கித்துல்கலவை மறுமுனையிலும் வைத்து, துறை, கிளையாறு சேருமிடம், கோட்டை, பாலம், படகு நின்ற எல்லை ஆகியவற்றை உரிய தூரத்தில் குறியுங்கள். அளந்த வேகத்தைக் கொண்டு ஒவ்வோர் ஊருக்கும் ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் கணக்கிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். ஐயம் எழும் இடங்களுக்குக் கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தை நாடலாம். ஒல்லாந்தர் கால ஆவணங்களும் நிலத் தோம்புகள் எனப்படும் காணிப் பதிவேடுகளும் அங்கே உள்ளன. தாளின் மூலையில் நீங்கள் சென்ற நாளையும் அன்று நாகலகம் வீதி அளவுகோல் காட்டிய மட்டத்தையும் மறவாமல் எழுதுங்கள். பெப்ரவரியில் வரைந்த தாளை எடுத்துக்கொண்டு யூன் மாதத்தில் அதே துறைக்குச் செல்பவருக்கு அந்த ஒரு வரி இல்லாமல் எதுவும் பொருந்தாது.